உள்நாட்டில் விற்காத சரக்கு, உலகெங்கும் உரசல்: சீன வளர்ச்சியின் மறுபக்கம்

சீனாவின் சரக்கு வர்த்தக உபரி 2025-ஆம் ஆண்டின் முதல் 11 மாதங்களிலேயே ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. வேறெந்த நாடும் இதுவரை எட்டாத அளவு இது. அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் அடுத்தடுத்து விதித்த வரிகளால் அந்நாட்டுக்கான சீன ஏற்றுமதி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்த அதே ஆண்டில் இந்த எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது. அமெரிக்கா வாங்காத சரக்கு தென்கிழக்கு ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் திரும்பியது.

இதைச் சீன ஏற்றுமதியின் வலிமைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது பொய்யல்ல, ஆனால் பாதிக் கதைதான். ஒரு நாடு தான் உற்பத்தி செய்வதைத் தானே வாங்கிப் பயன்படுத்த இயலாதபோது எஞ்சுவதுதான் உபரி. சீனக் குடும்பங்களின் நுகர்வு அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 40 சதவீதம். இந்தியாவில் இது 60 சதவீதத்தை ஒட்டியும், அமெரிக்காவில் அதற்கும் மேலாகவும் உள்ளது. உலகத் தொழிற்சாலை உற்பத்தியில் ஏறத்தாழ 30 சதவீதத்தைக் கையில் வைத்திருக்கும் நாட்டில், அப்பொருள்களை வாங்க வேண்டிய குடும்பங்கள் செலவைச் சுருக்குகின்றன. வாஷிங்டன் தொடங்கி பிரேசிலியா வரை, புதுதில்லி உட்பட, இன்று பெய்ஜிங்குக்கு எழுந்துள்ள உரசல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அந்த வீடுகளின் வரவு செலவுக் கணக்கில்தான் இருக்கிறது.

நிலத்தை விற்று நகரம் கட்டிய முறை

இந்நிலை ஒரே நாளில் வந்ததல்ல. 1994-ஆம் ஆண்டு அப்போதைய துணைப் பிரதமர் சூ ரோங்ஜி முன்னின்று கொண்டுவந்த வரிப் பகிர்வுச் சீர்திருத்தம், வருவாயில் பெரும்பங்கை மத்திய அரசிடம் சேர்த்தது. பள்ளி, மருத்துவமனை, ஓய்வூதியம், சாலை ஆகியவற்றின் செலவுகளோ மாகாணங்கள் மற்றும் நகர நிர்வாகங்களின் தலையிலேயே நின்றன. இந்த இடைவெளியை நிரப்ப அவை கண்டுபிடித்த வழி நிலம். சீனாவில் நகர்ப்புற நிலம் அரசுக்குச் சொந்தமானது. நகரை ஒட்டிய கிராம நிலங்களைக் குறைந்த இழப்பீட்டுக்கு எடுத்து, குடியிருப்புக்கெனில் 70 ஆண்டுப் பயன்பாட்டு உரிமையைக் கட்டுமான நிறுவனங்களுக்கு ஏலத்தில் விற்பது வழக்கமாயிற்று. அந்தப் பணத்திலும், அந்த நிலத்தை அடகாகக் காட்டி வாங்கிய கடனிலும் மெட்ரோ ரயில் தடங்களும் பாலங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன.

ஏலத்தில் நிலம் விலை ஏற, வீட்டு விலையும் ஏறியது. பங்குச் சந்தையில் நம்பிக்கையில்லாத, வெளிநாட்டில் முதலீடு செய்ய அனுமதியில்லாத சீன நடுத்தர வர்க்கம் தன் சேமிப்பில் பாதிக்கும் மேல் அடுக்குமாடி வீடுகளில் போட்டது. கட்டுமான நிறுவனங்கள், இன்னும் கட்டப்படாத வீட்டுக்கு முழு விலையையும் முன்கூட்டியே வாங்கி, அதைக் கொண்டு அடுத்த நிலத்தை ஏலம் எடுத்தன. உச்சத்தில் இருந்தபோது, தொடர்புடைய தொழில்களையும் சேர்த்தால், நாட்டின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்துறையைச் சார்ந்திருந்தது.

வீடு வசிப்பதற்கே, ஊக வணிகத்துக்கு அல்ல என்று ஷி ஜின்பிங் அரசு 2016 முதல் சொல்லிவந்தது. 2020 ஆகஸ்ட்டில் அது செயலுக்கு வந்தது. கடன் அளவுக்கு மூன்று வரம்புகள் விதிக்கப்பட்டன. ‘மூன்று சிவப்புக் கோடுகள்’ என்று அவை அறியப்பட்டன. புதிய கடன் கிடைக்காத நிலையில், 30,000 கோடி டாலருக்கும் மேல் கடன் சுமந்திருந்த எவர்கிராண்டே நிறுவனம் 2021 டிசம்பரில் தவணை தவறியது. 2024 ஜனவரியில் அதைக் கலைக்க ஹாங்காங் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்ட்டில் அந்நகரப் பங்குச் சந்தையிலிருந்தும் அது நீக்கப்பட்டது. இதற்கிடையே 2022 கோடையில், பணம் செலுத்தியும் வீடு கிடைக்காதவர்கள் பல நகரங்களில் வங்கித் தவணையைச் செலுத்த மறுத்தனர். ஜியாங்சி மாகாணத்தின் ஜிங்டெசென் நகரில் தொடங்கிய அந்த எதிர்ப்பு சில வாரங்களில் நாடெங்கும் பரவியது.

கடன் குமிழியைத் தானே முன்வந்து உடைத்ததற்காகச் சீன அரசைப் பாராட்டலாம். அதை விட்டுவைத்திருந்தால் பின்னாளில் வெடிப்பு இன்னும் பெரிதாகியிருக்கும். குறை வேறிடத்தில் இருந்தது. நிலம் தந்த வருவாய்க்கு மாற்றாக நகர நிர்வாகங்களுக்கு எதுவும் தரப்படவில்லை. 2021-இல் 8.7 லட்சம் கோடி யுவானாக இருந்த நில விற்பனை வருவாய், 2024-இல் 5 லட்சம் கோடி யுவானுக்கும் கீழே இறங்கியது. கணக்கில் காட்டாத உள்ளாட்சிக் கடன் 2023 இறுதியில் 14.3 லட்சம் கோடி யுவானாக இருந்ததாக நிதி அமைச்சகமே ஒப்புக்கொண்டது. 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட 10 லட்சம் கோடி யுவான் திட்டம், அந்தப் பழைய கடனைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றவே பயன்பட்டது. அதில் குடும்பங்களின் கைக்கு நேராகச் சென்ற பணம் ஏதுமில்லை.

வங்கிக் கடன் எங்கே சென்றது என்பதுதான் அடுத்து கவனிக்க வேண்டியது. மனை வணிகத்திலிருந்து விலகிய கடன், மின்சார வாகனம், மின்கலம், சூரிய மின்தகடு, சில்லு ஆகிய தொழில்களுக்குத் திருப்பப்பட்டது. ‘புதிய தரமான உற்பத்தி சக்திகள்’ என்ற சொற்றொடரை 2023-இல் ஷி ஜின்பிங் பயன்படுத்தியதும், ஒவ்வொரு மாகாணமும் அதே தொழில்களை நோக்கி ஓடியது. இந்த ஓட்டத்துக்கு முன்னுதாரணமும் இருந்தது. 2020-இல் திவாலாகும் நிலையிலிருந்த நியோ என்ற மின்சார கார் நிறுவனத்தில் ஹெஃபெய் நகர நிர்வாகம் தன் முதலீட்டு நிறுவனங்கள் வழியே 700 கோடி யுவான் போட்டது. நிறுவனம் மீண்டது, நகரமும் லாபம் கண்டது. பிற நகரங்கள் அந்தப் பாடத்தை ஆர்வத்துடன் படித்தன. மதிப்புக் கூட்டு வரி பொருள் நுகரப்படும் இடத்தைவிட அது தயாராகும் இடத்தில் அதிகம் சேர்வதால், உள்ளூர்த் தலைவருக்கு வாடிக்கையாளரைவிடத் தொழிற்சாலையே பெறுமதியானது. நட்டத்தில் ஓடினாலும் அதை மூட அவர் விரும்புவதில்லை.

விளைவு, விலைச் சரிவு. தொழிற்சாலை வாயில் விலைகள் 2022 அக்டோபர் முதல் தொடர்ந்து குறைந்துவந்தன. 2024-இல் நுகர்வோர் விலை உயர்வு வெறும் 0.2 சதவீதம். விலைவாசி உயர்வைப் பற்றியே பேசிப் பழகிய இந்திய வாசகருக்கு இது வரமாகத் தோன்றக்கூடும். விலை குறையும் என்று எதிர்பார்ப்பவர் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார். லாபம் சுருங்கும் நிறுவனம் ஊதியத்தைக் குறைக்கிறது. ஊதியம் குறைந்தவர் இன்னும் குறைவாக வாங்குகிறார். முன்னேற்றமின்றி ஒருவரையொருவர் தேய்த்துக்கொள்ளும் போட்டியைக் குறிக்கும் ‘நெய்ஜுவான்’ என்ற சொல் முதலில் மாணவர்களிடையே புழங்கியது. இன்று அது கட்சி ஆவணங்களிலேயே இடம்பெற்றுவிட்டது. ஒழுங்கற்ற விலைப் போரைக் கட்டுப்படுத்தப் போவதாக 2025 ஜூலையில் தலைமை அறிவித்தது.

செலவிடத் தயங்கும் குடும்பங்கள்

சீனர்கள் இயல்பிலேயே சிக்கனமானவர்கள் என்று சொல்லப்படுவதுண்டு. அந்த விளக்கம் எளிதானது, போதாதது. நோயும் முதுமையும் பிள்ளையின் படிப்பும் தன் சொந்தச் சேமிப்பையே நம்பியிருக்கும்போது எவரும் சேமிக்கத்தான் செய்வர்.

‘ஹுகோவ்’ எனப்படும் குடும்பப் பதிவு முறை இதில் முதன்மையானது. ஒருவர் எந்த ஊரில் பதிவு பெற்றிருக்கிறாரோ, அங்குதான் அவருக்கு முழுமையான பள்ளி, மருத்துவ, நலத்திட்ட உரிமைகள் கிடைக்கும். நகரங்களில் வசிப்போர் மக்கள்தொகையில் மூன்றில் இரு பங்கு. அந்நகரங்களின் பதிவைப் பெற்றிருப்போரோ பாதியை ஒட்டியே உள்ளனர். சீனாவில் கிட்டத்தட்ட 30 கோடிப் பேர் கிராமத்துப் பதிவுடன் வேளாண்மைக்கு வெளியே வேலை செய்யும் புலம்பெயர் தொழிலாளர்கள். ஷென்சென் நகரத் தொழிற்சாலையில் 15 ஆண்டுகள் உழைத்தவரின் பிள்ளை, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதப் பெரும்பாலும் பெற்றோரின் சொந்த மாகாணத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அவர் முதுமையில் கிராமத்துக்குத் திரும்பினால் கிடைக்கக்கூடிய அடிப்படை ஓய்வூதியம் மாதம் சராசரியாக 200 யுவானைச் சற்றே தாண்டும். இந்திய மதிப்பில் சுமார் 2,500 ரூபாய். நகர அரசு ஊழியர் பெறுவது இதைப்போல் பல மடங்கு.

சிறு நகரங்களில் பதிவு விதிகள் தளர்த்தப்பட்டுள்ளன. பெய்ஜிங், ஷாங்காய் போன்ற, வேலை உள்ள பெருநகரங்களில் கதவு இன்னும் குறுகலாகவே இருக்கிறது. இந்த ஓய்வூதியத்தை உயர்த்துவது நுகர்வைக் கூட்ட நேரடியான வழி என்று சீனப் பொருளாதார அறிஞர்கள் பலரே வாதிட்டு வருகின்றனர். தலைமைக்குத் தயக்கம் உண்டு. நலத்திட்டங்கள் மக்களைச் சோம்பேறிகளாக்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை, 2021 அக்டோபரில் கட்சியின் ‘சியூஷி’ இதழில் வெளியான ஷி ஜின்பிங்கின் கட்டுரையிலேயே இடம்பெற்றது. அனைவருக்குமான செழிப்பை வலியுறுத்தி எழுதப்பட்ட கட்டுரை அது என்பது கவனத்துக்குரியது. தொழிற்சாலைக்கு மானியம் முதலீடு. முதியவருக்கு உதவி செலவு என்ற பார்வை பெய்ஜிங்கில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

நுகர்வைத் தூண்ட எதுவுமே செய்யப்படவில்லை என்று கூற முடியாது. பழைய குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டி, கார் ஆகியவற்றைக் கொடுத்துப் புதியது வாங்க மானியம் வழங்கும் திட்டத்துக்கு 2024-இல் 15,000 கோடி யுவானும், 2025-இல் அதன் இருமடங்கும் ஒதுக்கப்பட்டன. விற்பனை சில மாதங்கள் ஏறியது. ஆனால் அடுத்த ஆண்டு வாங்கவிருந்தவர் இந்த ஆண்டே வாங்கிவிட்டால், அடுத்த ஆண்டு அவர் கடைக்கு வரப்போவதில்லை. மேலும், அந்த மானியமும் இறுதியில் தொழிற்சாலையையே சென்றடைகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,600 யுவான் வழங்கும் திட்டம் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. தொகை சிறிதெனினும் மத்திய அரசு குடும்பங்களுக்கு நேராகப் பணம் தரும் முறை என்ற அளவில் அது புதியது. மக்கள்தொகை 2022 முதல் குறைந்துவருவதே அதற்கு உடனடிக் காரணம். 2024-இல் பிறந்த குழந்தைகள் 95.4 லட்சம். ஓய்வு பெறும் வயதும் 2025 ஜனவரி முதல் படிப்படியாக உயர்த்தப்படுகிறது. ஆண்களுக்கு 60-லிருந்து 63 ஆகும்.

இளைஞர்களின் நிலை இன்னும் கூர்மையானது. 16 முதல் 24 வயதுக்குட்பட்டோரின் வேலையின்மை 2023 ஜூனில் 21.3 சதவீதத்தைத் தொட்டதும், புள்ளிவிவரம் வெளியிடுவதே சில மாதங்களுக்கு நிறுத்தப்பட்டது. பின்னர் மாணவர்களை விலக்கிய புதிய கணக்கீட்டுடன் அது திரும்ப வந்தது. 2025-இல் மட்டும் 1.22 கோடிப் பேர் பட்டம் பெற்று வெளிவந்தனர். பட்டதாரிகளை அதிகம் வேலைக்கு எடுத்துவந்த இணைய நிறுவனங்கள், தனிப்பயிற்சி மையங்கள், மனை வணிகம் ஆகிய மூன்றையும் 2020-க்கும் 2021-க்கும் இடையே அரசே ஒருசேர ஒடுக்கியது. 2020 நவம்பரில் ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீட்டைக் கடைசி நேரத்தில் நிறுத்திய அதே அரசு, 2025 பிப்ரவரியில் ஜாக் மா உள்ளிட்ட தொழிலதிபர்களை அழைத்து ஷி ஜின்பிங் முன் அமரவைத்தது. தனியார் பொருளாதார ஊக்குவிப்புச் சட்டமும் அதே ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உடைந்த நம்பிக்கையைச் சட்டம் இயற்றித் திரும்பப் பெற எவ்வளவு காலம் ஆகும் என்பது வேறு கேள்வி.

அணையும் ஓர் ஊக்கத்திட்டமே

உள்நாட்டுக் கொள்கை எப்படி அண்டை நாட்டின் கவலையாக மாறுகிறது என்பதற்கு, இந்தியாவுக்கு மிக அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. திபெத்தின் நிங்சியில் 2025 ஜூலை 19 அன்று பிரதமர் லி சியாங் ஒரு நீர்மின் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். யார்லுங் சாங்போ ஆற்றின் கீழ்ப்பகுதியில், அது இமயத்தை வளைத்துத் திரும்பும் பள்ளத்தாக்கில், ஐந்து மின்நிலையங்கள் அமைகின்றன. மதிப்பீடு 1.2 லட்சம் கோடி யுவான். ஆண்டு மின் உற்பத்தி ‘மூன்று பள்ளத்தாக்கு’ அணையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருக்கும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

தொடக்க விழாவுக்கு அடுத்த வேலை நாளில் சீனப் பங்குச் சந்தைகளில் சிமென்ட், கட்டுமான, எந்திர நிறுவனங்களின் பங்குகள் துள்ளி எழுந்தன. முதலீட்டாளர்கள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டனர். அடுக்குமாடிக் கட்டுமானம் நின்றபின் உருக்குக்கும் சிமென்ட்டுக்கும் கொள்முதல் தேவைப்பட்டது. அணை அதைத் தருகிறது. மின்சாரமும் எல்லைப் பாதுகாப்பும் வேறு நோக்கங்கள். பொருளாதாரக் கணக்கில் இது, நுகர்வை உயர்த்தாமல் வளர்ச்சி இலக்கை எட்டும் பழகிய வழி.

அதே ஆறுதான் அருணாசலப் பிரதேசத்தில் சியாங்காக நுழைந்து, அசாமில் பிரம்மபுத்திராவாகி, வங்கதேசத்துக்குள் பாய்கிறது. ஆற்றில் ஓடும் நீரைக்கொண்டே மின்சாரம் எடுக்கப்படும், கீழ்நாடுகளுக்குப் பாதிப்பில்லை என்று பெய்ஜிங் கூறுகிறது. பிரம்மபுத்திராவின் பெரும்பகுதி நீர் இந்திய எல்லைக்குள் பெய்யும் மழையால் வருவது என்பதும் உண்மையே. ஆயினும் திடீரென நீர் திறக்கப்பட்டாலோ, வண்டல் தடைபட்டாலோ என்ன ஆகும் என்ற அச்சத்துக்குத் தகவல் பரிமாற்றமே மருந்து. வெள்ளக்கால நீரியல் தரவுகளைப் பகிர்ந்துகொள்ளும் பிரம்மபுத்திரா உடன்பாடு 2023 ஜூனில் காலாவதியானது. இதற்கு எதிர்வினையாக, அருணாசலத்தில் மேல் சியாங் அணையைக் கட்ட வேண்டும் என்ற குரல் தில்லியில் வலுத்துள்ளது. தங்கள் கிராமங்கள் மூழ்கும் என்று ஆதி பழங்குடியினர் அதை எதிர்த்துவருகின்றனர். சீனாவின் உள்நாட்டு மந்தநிலைக்கான மருந்து ஒன்று, இப்படிச் சியாங் கரையில் ஒரு போராட்டமாக வந்து நிற்கிறது.

நண்பர்களையும் நெருக்கும் ஏற்றுமதி

அமெரிக்காவுடனான மோதலில் சீனா எதிர்பார்த்ததைவிட உறுதியாக நின்றது. 2025 ஏப்ரலில் டிரம்ப் வரியை 145 சதவீதமாக உயர்த்தியபோது சீனாவும் 125 சதவீதத்துக்குச் சென்றது. அதைவிட வலித்தது வேறொன்று: அதே மாதம் ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்டு செய்யும் காந்தங்களுக்கும் விதிக்கப்பட்ட ஏற்றுமதி உரிமக் கட்டுப்பாடு. இத்தனிமங்களைச் சுத்திகரிப்பதில் சுமார் 90 சதவீதம் சீனாவின் கையில் இருக்கிறது. சில வாரங்களிலேயே சிகாகோவில் ஃபோர்டு நிறுவனம் தன் ஆலை ஒன்றைத் தற்காலிகமாக நிறுத்தியது; ஜப்பானில் சுசூகியின் ஸ்விஃப்ட் உற்பத்தியும் தடைபட்டது. மே மாதம் ஜெனீவாவில் வரிகள் குறைக்கப்பட்டன. அக்டோபரில் பெய்ஜிங் கட்டுப்பாட்டை மேலும் விரித்ததும், அம்மாதம் 30 அன்று தென் கொரியாவின் பூசனில் இரு தலைவர்களும் சந்தித்து ஓராண்டுக்கு ஓர் இடைக்கால உடன்பாட்டுக்கு வந்தனர். அமெரிக்கா வரியைக் குறைத்தது. சீனா சோயாபீன் வாங்கவும், புதிய கட்டுப்பாட்டை ஓராண்டு நிறுத்திவைக்கவும் இசைந்தது. உபரி பற்றிய அடிப்படைச் சிக்கலை அங்கு எவரும் தொடவில்லை.

வாஷிங்டனுடனான மோதலைவிட, சீனா தன் நண்பர்களாகக் கருதும் நாடுகளில் எழும் முணுமுணுப்பே நீண்ட காலத்துக்குச் சிக்கலானது. வளரும் நாடுகளின் குரல் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் நாடு, அந்நாடுகளின் சிறு தொழில்களுக்கே போட்டியாளராகிறது. இந்தோனேசியாவின் மிகப் பெரிய ஜவுளி நிறுவனங்களுள் ஒன்றான ஸ்ரீடெக்ஸ் 2025 மார்ச்சில் மூடப்பட்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். கடன் சுமை முதன்மைக் காரணம். மலிவான இறக்குமதியும் ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. பிரிக்ஸ் கூட்டாளியான பிரேசில் மின்சார கார்களுக்கான வரியைப் படிப்படியாக 35 சதவீதத்துக்கு உயர்த்துகிறது. துருக்கி 2024-இல் சீனக் கார்களுக்கு 40 சதவீத வரி விதித்தது. மெக்சிகோ நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் 50 சதவீதம் வரையிலான வரிகளுக்கு ஒப்புதல் அளித்தது. அந்த வரி சீனாவை மட்டுமன்றி, வர்த்தக உடன்பாடு இல்லாத இந்தியா உள்ளிட்ட பிற ஆசிய நாடுகளையும் சேர்த்தே தாக்குகிறது. சீன உபரிக்கு எதிராக எழுப்பப்படும் சுவரில் இந்திய ஏற்றுமதியாளரும் முட்டிக்கொள்ள நேர்வது இப்படித்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபரில் சீன மின்சார கார்களுக்கு 35.3 சதவீதம் வரை கூடுதல் வரி விதித்தது. 2025 டிசம்பரில் பெய்ஜிங் சென்று திரும்பிய பிரெஞ்சு அதிபர் இம்மானுவேல் மேக்ரான், ஏற்றத்தாழ்வு சரியாகாவிடில் மேலும் வரி வரும் என்று எச்சரித்தார். அதே மாதம் பன்னாட்டு நிதியத்தின் தலைவர் கிரிஸ்டலினா ஜார்ஜீவா, ஏற்றுமதியை நம்பி வளர இயலாத அளவுக்குச் சீனா பெரிதாகிவிட்டது என்று பெய்ஜிங்கிலேயே சுட்டிக்காட்டினார். சீனாவில் விலைகள் தேங்க, பிற நாடுகளில் விலைகள் ஏறுவதால், யுவானின் உண்மை மதிப்பு சத்தமின்றிக் குறைந்திருக்கிறது. சீனச் சரக்கு ஆண்டுக்கு ஆண்டு மேலும் மலிவாவதற்கு மானியம் மட்டும் காரணமல்ல.

மாற்றம் வருமா? 2025 அக்டோபரில் கூடிய கட்சியின் மத்தியக் குழு, 2026 முதல் 2030 வரையிலான 15-ஆவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கான பரிந்துரைகளை ஏற்றது. குடும்ப நுகர்வின் பங்கை குறிப்பிடத்தக்க அளவில் உயர்த்த வேண்டும் என்று அதில் எழுதப்பட்டுள்ளது. இது முன்னேற்றம்தான். ஆனால் அந்த ஆவணத்தில் முதலிடம் பெறுவது நவீன தொழில் கட்டமைப்பு. அடுத்தது தொழில்நுட்பத் தற்சார்பு. அதன் பிறகே உள்நாட்டுச் சந்தை வருகிறது. சீனக் கட்சி ஆவணங்களில் வரிசைக்குப் பொருள் உண்டு. சில்லு முதல் போர்விமானம் வரை அமெரிக்கத் தடைகளை எதிர்பார்த்து வாழும் ஒரு தலைமை, தொழிற்சாலையைப் பாதுகாப்பு அரணாகவே காண்கிறது. அந்த அச்சம் முற்றிலும் அடிப்படையற்றது என்றும் சொல்ல இயலாது.

இந்தியாவின் முன் உள்ள கணக்கு

2024-25 நிதியாண்டில் சீனாவிலிருந்து இந்தியா இறக்குமதி செய்தது சுமார் 11,345 கோடி டாலர். ஏற்றுமதி செய்தது 1,425 கோடி டாலர். பற்றாக்குறை ஏறத்தாழ 9,920 கோடி டாலர். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்த பின்னர் செயலிகள் தடை செய்யப்பட்டன. எல்லை நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு முன் அனுமதி தேவை என்ற விதி அதற்கு முன்பே வந்திருந்தது. இறக்குமதியோ அந்த ஆண்டுகளில் ஏறிக்கொண்டே சென்றது. காரணம் தெளிவானது. வருவது பெரும்பாலும் பொம்மையும் பட்டாசும் அல்ல. மின்னணு உதிரிபாகம், மருந்து மூலப்பொருள், சூரிய மின்கலம், தொழிற்சாலை எந்திரம் ஆகியவையே பட்டியலில் மேலே இருக்கின்றன. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் கைபேசிக்குள்ளும் மாத்திரைக்குள்ளும் சீனப் பொருள் இருக்கிறது.

இந்தச் சார்பைப் பெய்ஜிங் அறிந்தே வைத்திருக்கிறது. ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் இந்திய ஐபோன் ஆலைகளிலிருந்து சீனப் பொறியாளர்கள் நூற்றுக்கணக்கில் திருப்பி அழைக்கப்பட்டதாக 2025 ஜூலையில் செய்திகள் வெளிவந்தன. சிறப்பு உரங்களும் சுரங்கம் தோண்டும் எந்திரங்களும் தாமதமாயின. ஆகஸ்ட்டில் தில்லி வந்த வெளியுறவு அமைச்சர் வாங் யி இவற்றைச் சீர்செய்வதாக உறுதியளித்தார் என்று கூறப்பட்டது. தொழிற்சாலைகள் தன் மண்ணைவிட்டு வெளியேறுவதை விரும்பாத சீனா, சரக்கை அனுப்பத் தயங்காது. அச்சரக்கைச் செய்யும் எந்திரத்தையும் வித்தையையும் அனுப்ப மட்டும் தயங்கும்.

அரசியல் உறவு அண்மையில் தணிந்திருக்கிறது. 2024 அக்டோபரில் எல்லைக் கண்காணிப்பு உடன்பாடும், கசான் நகரில் பிரதமர் நரேந்திர மோடி - ஷி ஜின்பிங் சந்திப்பும் நிகழ்ந்தன. கைலாஷ் மானசரோவர் யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியது. அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்த சில நாட்களில் மோடி தியான்ஜின் சென்றார். அக்டோபரில் நேரடி விமானங்கள் பறக்கத் தொடங்கின. இவற்றால் பற்றாக்குறையில் ஒரு டாலரும் குறையவில்லை. உருக்கு இறக்குமதிக்கு 2025 ஏப்ரலில் இந்தியா விதித்த 12 சதவீத தற்காலிகப் பாதுகாப்பு வரி, நட்புப் படங்களுக்கு நடுவிலும் தொடர்ந்தது.

சீன முதலீட்டை அனுமதித்து, இங்கேயே உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்வது, சீனச் சரக்கை இறக்குமதி செய்வதைவிட மேல் என்று 2024 ஜூலையில் தாக்கலான பொருளாதார ஆய்வறிக்கை வாதிட்டது. அக்கருத்தில் அரசுக்கு உடன்பாடில்லை என வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் அப்போதே கூறிவிட்டார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. முதலீட்டுடன் தொழில்நுட்பமும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதலீடே வேண்டாம் என்றால், உதிரிபாகத் தொழில் இங்கு வேரூன்ற இன்னும் பல ஆண்டுகள் பிடிக்கும்.

காந்த விவகாரம் இந்தத் தேர்வின் கடினத்தைக் காட்டுகிறது. அரிய மண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் மணல் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தின் சவரையிலும், ஒடிசா கடற்கரையிலும் உள்ளது. பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். அதைப் பல பத்தாண்டுகளாக அகழ்ந்துவருகிறது. மணலிலிருந்து தனிமத்தைப் பிரித்து, உலோகமாக்கி, காந்தமாக வார்க்கும் இடைச்சங்கிலிதான் பெரிய அளவில் இங்கு இல்லை. அதற்காகவே 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாயில், ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் தயாரிக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆலை அமைக்க இரண்டு ஆண்டுகளும், ஊக்கத்தொகைக்கு ஐந்து ஆண்டுகளும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. அகழ்வு விரிவடைந்தால் தங்கள் கடலும் உடல்நலமும் என்னாகும் என்று கேட்கும் மீனவக் கிராமங்களுக்கும் அத்திட்டம் விடைசொல்ல வேண்டியிருக்கும். அதுவரை இந்திய மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்கான காந்தம் சீனாவிலிருந்தே கப்பலேற வேண்டும்; அதற்கு, ராணுவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற உறுதிமொழியுடன் பெய்ஜிங்கில் உள்ள வர்த்தக அமைச்சகத்தின் உரிமமும் தேவைப்படும்.